கச்சான் காற்று சொல்லித்தரும் புவியியல்

"தென்மேல் மொன்சூன் வீசும் காலம் எது?" என்று வினாத்தாளில் கேட்டால், எங்கள் மாணவிகள் "மே முதல் செப்டெம்பர் வரை" என்று ஒரே மூச்சில் எழுதிவிடுவார்கள். அதே மாணவியிடம், "ஜூலை மாதத்தில் நமது ஊரில் உதடு ஏன் வெடிக்கிறது? கொடியில் போட்ட உடுப்பு ஏன் அரை மணித்தியாலத்தில் மொரமொரவென்று காய்ந்துபோகிறது?" என்று கேட்டால் பேசாமல் நிற்பாள். இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான். பல வருடங்களாகப் புவியியல் கற்பிக்கும் எனக்கு இதுதான் பெரிய கவலை. பாடம் கொப்பியில் இருக்கிறது, காற்று முற்றத்தில் வீசுகிறது, இரண்டும் சந்திப்பதில்லை.

அந்தக் காற்றுக்குக் கிழக்குக் கரையில் கச்சான் என்று பெயர். (ஆறாம் தரத்தில் இந்தச் சொல்லைச் சொன்னதும் வகுப்பே சிரிக்கும். அவர்களுக்குக் கச்சான் என்றால் வறுத்த கொட்டைதான்.) வடகீழ்ப் பருவத்துக் குளிர்ந்த காற்று வாடை. கச்சான் வீசும் பருவத்தில் யாழ்ப்பாணத்தார் சோளகம் என்பார்கள். பாடப்புத்தகம் வருவதற்கு முன்பே கடலுக்குப் போனவர்கள் காற்றுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

கச்சான் ஏன் சுடுகிறது? இந்து சமுத்திரத்தின் மேலாக வரும் தென்மேல் மொன்சூன் நீராவி நிறைந்த காற்று. அது இலங்கைக்குள் நுழைந்ததும் மத்திய மலைநாடு குறுக்கே நிற்கிறது. பிதுருதலாகலையின் உயரம் 2,524 மீற்றர். காற்றுக்கு மேலேறுவதைத் தவிர வழியில்லை. மேலேறும் காற்று விரிவடைந்து குளிரும். ஒடுங்கல் தொடங்கும்வரை 1,000 மீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் வீதம் குளிரும். முகில் உருவானபின் நீராவி தன் மறைவெப்பத்தை வெளிவிடுவதால் ஏறத்தாழ 6 பாகை வீதமே குளிரும். மலையைக் கடந்து கீழிறங்கும்போது முகில் இல்லை. ஆகவே மறுபடியும் 10 பாகை வீதம் சூடாகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மேற்குக் கரையில் 28 பாகையில் புறப்படும் காற்று 500 மீற்றரில் 23 பாகையாகி முகிலாகத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 2,000 மீற்றர் உச்சியில் அது 14 பாகை. அங்கிருந்து நமது பக்கம் கடல்மட்டம்வரை இறங்கினால் 34 பாகை. ஏறும்போது குளிர்ந்ததைவிட இறங்கும்போது ஆறு பாகை கூடுதலாகச் சூடேறியிருக்கிறது, கொண்டுவந்த ஈரத்தையும் வழியில் கொட்டிவிட்டது. கொட்டிய இடத்தில்தான் வட்டவளை போன்ற மேற்குச் சரிவுகள் வருடத்துக்கு 5,000 மி.மீற்றர் அளவில் மழை பெறுகின்றன. காற்றொதுக்குப் பக்கத்தில் இருக்கும் நாம் உலர் வலயம். வருடத்துக்கு 1,750 மி.மீற்றருக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரை கொட்டித் தீர்ந்துவிடும்.

இவ்வளவும் பௌதிகப் புவியியல். இனி மானிடப் புவியியல் என்று புத்தகத்தில் புதிய அலகு தொடங்கும். அப்படிப் பிரிப்பது படிக்க வசதி, அவ்வளவுதான். அந்தப் பக்கத்தைப் புரட்டிய பின்னும் கச்சான் வீசிக்கொண்டுதான் இருக்கிறது.

ஊவாத் தேயிலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை முதல் செப்டெம்பர் வரை பதுளை, பண்டாரவளைச் சரிவுகளில் இதே வரண்ட காற்று அடிக்கும்போது கொழுந்தின் வளர்ச்சி மந்தமாகி மணம் செறிகிறது. ஊவாத் தேயிலைக்கு நல்ல விலை கிடைப்பது அந்தப் பருவத்தில்தான். மலையின் மறுபக்கமான டிம்புலவுக்கு அந்தக் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை, ஏனென்றால் அப்போது காற்றொதுக்குப் பக்கம் அவர்களுடையது.

மீன்பிடியும் இப்படித்தான். தென்மேல் பருவத்தில் மேற்குக் கடல் கொந்தளிக்கும்; கிழக்குக் கடல் அடங்கியிருக்கும். நீர்கொழும்பு, சிலாபம் பகுதி மீனவர்கள் குடும்பத்தோடு திருகோணமலை, முல்லைத்தீவுப் பக்கம் வந்து வாடி அமைத்துத் தங்குவதும், வாடைக்காற்றுத் தொடங்கத் திரும்புவதும் பழைய வழக்கம். பருவகாலக் குடிபெயர்வு என்று நாம் பாடமாக்குவது இதைத்தான்.

வயலுக்கு வந்தால், பெரும்போகம் வானத்து மழையை நம்பலாம். கச்சான் காலத்துச் சிறுபோகம் சேமித்த நீரை நம்பியே ஆகவேண்டும். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் இங்கினியாகலையில் அணை கட்டிச் சேனநாயக்க சமுத்திரத்தை உருவாக்கினார்கள். அம்பாறையின் சிறுபோகப் பசுமைக்குப் பின்னால் அந்த நீர் இருக்கிறது. கூடவே புதிய குடியேற்றங்கள் வந்தன, மாவட்டத்தின் சனப்பரம்பல் மாறியது, காணியும் நீரும் இன்றுவரை பேச்சுப்பொருளாக இருக்கின்றன. ஒரு அணை ஆற்றை மட்டும் மாற்றுவதில்லை.

இதைப் பெற்றோருக்கும் சொல்கிறேன். "புவியியலா? பாடமாக்கினால் போதுமே" என்று பல வாப்பாமார், உம்மாமார் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நில அளவை, நகரத் திட்டமிடல், வானிலை, அனர்த்த முகாமைத்துவம் என்று இப்பாடம் திறக்கும் தொழில்கள் உண்டு. அவற்றைவிட எனக்கு முக்கியமான காரணம் வேறு.

கல்முனையிலிருந்து தெற்கே நமது ஊர்கள் வீதியோடு நீண்டு கிடக்கும் கோட்டுக் குடியிருப்புகள். கிழக்கே கடல், மேற்கே தாழ்ந்த வயல், நடுவில் சற்று உயர்ந்த ஒடுங்கிய மணற்பட்டி. மணலில் மழைநீர் இறங்கித் தங்கும். உவர்நீரைவிட நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் மேலே மிதக்கும். ஆகவே ஆழம் குறைந்த கிணற்றிலேயே நல்ல தண்ணீர். மூதாதையர் தெரிந்துதான் இருந்தார்கள்.

அந்த மணற்பட்டிமேல்தான் 2004 டிசம்பர் 26 காலை கடல் ஏறியது. சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கி ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தின் பின்னரே அலை நம்மை அடைந்தது. இந்து சமுத்திரத்தில் அப்போது எச்சரிக்கை முறை இல்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இலங்கையில் அதிகம் இழந்த மாவட்டம் இதுவே. அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட் தீவில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி, கடல்நீர் வழமைக்கு மாறாக நுரைத்து ஏறிவருவதைக் கண்டு பெற்றோரிடம் சொன்னாள். இரண்டு கிழமைக்கு முன்புதான் புவியியல் வகுப்பில் சுனாமி படித்திருந்தாள். அந்தக் கடற்கரையிலிருந்தவர்கள் நேரத்தோடு வெளியேறினார்கள்.

இங்கே ஒரு விடயம் குறித்துக்கொள்ளுங்கள். சுனாமிக்கு முன் கடல் எப்போதும் உள்வாங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அலையின் பள்ளம் முதலில் வந்தால்தான் கடல் வாங்கும், முகடு முதலில் வந்தால் எந்த முன்னறிவிப்புமின்றி நீர் உயரும். அன்று நமது கரைக்கு முதலில் வந்தது முகடு. கடல் வாங்கட்டும் பார்ப்போம் என்று காத்திருப்பது உயிராபத்து.

சுனாமிக்குப் பிறகு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அறிவித்தார்கள். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 படத்தில் 200 மீற்றர் என்பது 4 மில்லிமீற்றர், ஒரு பென்சில் அகலம்கூட இல்லை. சாய்ந்தமருதில் அது வரிசை வரிசையாக வீடுகள், கிணறுகள், மகளுக்குச் சீதனமாக எழுதிய வளவுகள். பின்னால் போகலாம் என்றால் வயல், மாரியில் வெள்ளம் நிற்கும். அந்த எல்லை பின்னர் தளர்த்தப்பட்டது. அளவுத்திட்டம் என்ற அலகைத் தொடங்கும்போது நான் முதலில் மேசையில் விரிப்பது அந்தப் படத்தாளைத்தான்; அடிமட்டத்தை வைத்து அந்த 4 மில்லிமீற்றருக்குள் யார் யார் வீடு வருகிறது என்று மாணவிகளே தேடுவார்கள்.