பரிசுக்கு ஏற்ற குல்லாய்

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடுவது என் தொழில். குல்லாய் பின்னுவது என் தொழில் அன்று. ஆயினும், சென்ற குளிர்காலத்தில் என் வீட்டில் ஒரு குழந்தைக் குல்லாய் உருவான விதத்தை இங்கு எழுதத் துணிகிறேன். கையால் செய்த ஒரு பொருளுக்கு இணையாக மற்றொன்றைச் செய்வது எத்தனை நுட்பமான வேலை என்பதை நெசவாள அன்பர்கள் நன்கு அறிவார்கள்.

குன்னூரில் என் அத்தை இருக்கிறார். இரண்டு ஏக்கர் தேயிலை. பறிக்கும் இலை கூட்டுறவுத் தொழிற்சாலைக்குப் போகிறது. மலையிலே வாழ்பவர்களுக்குக் கம்பளிப் பின்னல் பொழுதுபோக்கன்று, அவசியம். என் மகள் பிறந்தபோது அத்தை இளம்பச்சை நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் பின்னித் தந்தார். அதற்கு இணையான குல்லாயும் பின்னித் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் கண் நீர் அழுத்த நோய் அவருடைய பார்வையைச் சிறிது சிறிதாகக் கவர்ந்துகொண்டது. இந்நோயால் இழந்த பார்வை மீள்வதில்லை. எஞ்சிய ஒரு சிறு நூல் உருண்டையையும் தம் ஊசிகளையும் என் மனைவியிடம் கொடுத்து, “இனி நீதான் பின்ன வேண்டும், அம்மா” என்றார். என்னைப் பார்த்து, “கணக்குப் பார்க்கிறவன் நீ, கண்ணிகளையும் எண்ணிக் கொடு” என்றார்.

உருண்டையை நிறுத்துப் பார்த்தோம். 20 கிராம் இருந்தது. ஆறு மாதக் குழந்தையின் குல்லாய்க்கு 30 கிராமுக்கு மேல் வேண்டும். ஆகவே புதிய நூல் வாங்குவது தவிர்க்க முடியாததாயிற்று. நூலுடன் வந்த சீட்டோ எப்போதோ தொலைந்துவிட்டது. அது கம்பளிதானா, செயற்கை நூலா என்பதே முதல் கேள்வி. ஒரு துணுக்கைக் கொளுத்திப் பார்த்தால் இது விளங்கும். கம்பளி, மயிர் பொசுங்கும் நாற்றத்துடன் எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பலைத் தரும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். பருத்தியாயின் காகிதம் எரியும் வாடை வரும். அத்தையின் நூல் பொடியாயிற்று, கம்பளியே.

அடுத்தது பருமன். பருத்தி நூலுக்கு நம்பர் உண்டு. ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனையோ, அதுவே நம்பர் என்பதை நம் அங்கத்தினர்கள் அறிவார்கள். சீட்டு இல்லாத கம்பளி நூலுக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. அளவுகோலின்மீது நூலை இழுக்காமல் நெருக்கமாகச் சுற்றி, ஓர் அங்குலத்தில் எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். பழைய நூலும் புதிய நூலும் ஒரே எண்ணிக்கை தந்தால் பருமன் ஒன்றே எனக் கொள்ளலாம். கடையில் அவ்வாறே பார்த்து, நிறத்தையும் குழல் விளக்கின் கீழ் ஒப்பிட்டு, மனநிறைவோடு வாங்கி வந்தோம்.

இனி அளவு. இங்கு நெசவுக்கும் பின்னலுக்கும் உள்ள வேற்றுமையைச் சொல்லியாக வேண்டும். நெசவில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்கின்றன. பின்னலில் ஒரே நூல் கண்ணி கண்ணியாகத் தன்னைத் தானே கோத்துக்கொண்டு போகிறது. இழுத்தால் கண்ணி விரியும், விட்டால் சுருங்கும். 1589-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் இதே கண்ணிகளை இடும் பொறியொன்றை அமைத்தார். திருப்பூரில் இன்று இயந்திரங்கள் பின்னும் பனியன் துணியும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. இவ்வாறு விரியும் தன்மையால் குல்லாயைத் தலையின் அளவுக்கே பின்னலாகாது. சற்றுக் குறைத்தே பின்ன வேண்டும். குழந்தையின் தலைச் சுற்றளவு 42 செ.மீ. இருந்தது. குல்லாய்க்கு 38 செ.மீ. என முடிவு செய்தோம்.

ஸ்வெட்டரை மேசைமீது பரப்பி, ஓரத்தை விட்டு நடுவே 10 செ.மீ. அளந்து எண்ணினேன். குறுக்கே 24 கண்ணிகள், நெடுக்கே 32 வரிசைகள். 38 செ.மீ. அகலத்துக்கு 91 கண்ணிகளுக்குச் சற்று மேல். இரண்டு நேர்க்கண்ணி, இரண்டு எதிர்க்கண்ணி என மாறி மாறி வரும் ஓரப்பட்டைக்கு நான்கால் வகுபட வேண்டுமாதலின் 92 என்று கொண்டேன். மூட்டுத் தையலுக்கு இரண்டைக் கூட்டி 94 ஆக்கினேன். கணக்கில் பிழை இல்லை என்பது என் துணிபு.

நான்கு நாட்களில் குல்லாய் முடிந்தது. குழந்தைக்கு அணிவித்தோம், கண்களை மூடிக்கொண்டு மூக்கின்மேல் வந்து நின்றது! அளந்தால் 42 செ.மீ. இருந்தது. என் கணக்கு, அத்தையின் கைக்குரிய கணக்கு. பின்னியதோ என் மனைவியின் கை. அதே 4 மி.மீ. ஊசிதான், பருமனும் ஒன்றுதான். ஆனால் அவள் நூலை இளக்கமாகப் பிடிப்பவள். 10 செ.மீ.க்கு 22 கண்ணிகளே விழுந்திருந்தன. ஒவ்வொரு கண்ணியிலும் மயிரிழை போன்ற வித்தியாசம்தான். 92 கண்ணிகளில் அது 4 செ.மீ. ஆகிவிட்டது. முன்னதாக உள்ளங்கை அகலத்தில் ஒரு மாதிரித் துண்டு பின்னி எண்ணியிருந்தால் நான்கு நாள் உழைப்பு வீணாகியிராது.

துன்பம் தனியே வருவதில்லை. குல்லாயையும் ஸ்வெட்டரையும் திண்ணைக்குக் கொண்டுவந்தபோது, பகல் வெளிச்சத்தில் இரண்டும் வெவ்வேறு பச்சையாகத் தெரிந்தன. ஒன்று இளந்தளிர், மற்றொன்றில் நீலம் ஓடியது. விளக்கொளியில் ஒன்றாகத் தெரியும் இரு சாயங்கள் சூரிய ஒளியில் பிரிந்துவிடுவது உண்டு. ஆகவே நிறத்தைக் கடையின் வாசலுக்கு வந்து பார்க்க வேண்டும்.

வேறு நிறத்தில் பின்னிவிடலாமா என்று மனைவி கேட்டாள். அதில் தவறில்லை; சற்றே பிசகிய பச்சையைவிட முற்றிலும் வேறான வெள்ளை அழகாகவே இருக்கும். ஆனால் அத்தை கொடுத்தனுப்பிய 20 கிராம் நூலை ஒதுக்கிவைக்க இருவருக்கும் மனம் வரவில்லை. அப்போதுதான் எனக்குப் பழைய நிகழ்ச்சியொன்று நினைவுக்கு வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஈரோட்டு வட்டாரத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படுக்கை விரிப்பும் தலையணை உறையும் சேர்ந்த இணைகள் சில திரும்பி வந்திருந்தன. விரிப்பு ஒரு சாயத் தொட்டி, உறை மறு தொட்டி. விலையைக் குறைத்தே விற்க நேர்ந்தது. குறிப்பேட்டில் தொட்டி எண் எழுதப்படாததால் யாரையும் குறை சொல்லவும் வழியில்லை. அங்கிருந்த முதிய நெசவாளர் ஒருவர், “ஒரே தறியிலே இரண்டு நாடாவில் இரண்டு தொட்டி நூலையும் வைத்து மாற்றி மாற்றி ஓட்டியிருந்தால் கண்ணுக்கு ஒரே நிறமாகக் கலந்திருக்கும்” என்றார். அன்று அதைக் கேட்டுக்கொண்டேன். பயன்படும் என்று எண்ணவில்லை.

இப்போது பயன்பட்டது. பின்னியதை முழுதும் பிரித்து, சிட்டமாகச் சுற்றி, வெதுவெதுப்பான நீரில் நனைத்து நிழலில் உலர்த்தினோம், சுருக்கம் நீங்கிற்று. ஊசியை 3.5 மி.மீ. ஆக மாற்றி மாதிரித் துண்டு பின்னினாள். 24 கண்ணிகள் சரியாக விழுந்தன. முகத்தை ஒட்டிய ஓரப்பட்டை 4 செ.மீ. முழுவதும் அத்தையின் நூல். அதற்கு 8 கிராம் ஆயிற்று. அதன்மேல் இரண்டு வரிசை பழைய நூல், இரண்டு வரிசை புதிய நூல். நூலை அறுக்காமல் ஓரத்திலேயே மேலே கொண்டுபோனால் பின்னர் மூட்டுத் தையலுக்குள் மறைந்துவிடும். பட்டை முடிந்த முதல் வரிசையில் நான்கு கண்ணிகளைக் குறைத்து 90 ஆக்கினோம். மொத்த உயரம் 10 செ.மீ. வந்ததும் உச்சி தொடங்கிற்று. தையலுக்குரிய இரண்டு போக 88 கண்ணிகளைப் பதினொன்று பதினொன்றாக எட்டுப் பாகம் செய்து, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் பாகத்துக்கு ஒன்றாகக் குறைத்தாள். பாகத்துக்கு ஒரு கண்ணி மிஞ்சியபோது நூலைக் கோத்து இறுக்கினாள். பழைய நூல் 20 கிராமும் தீர்ந்தது. புதியது 12 கிராம் சென்றது. பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம். இரு பச்சையும் கலந்து, ஸ்வெட்டருக்கு உடன்பிறந்ததாகவே தோன்றிற்று.

தை மாதம் குன்னூர் சென்றோம். குழந்தையை மடியில் இருத்திக்கொண்ட அத்தை, குல்லாயைக் கழற்றிக் கையில் வாங்கினார். நிறத்தை அவர் பார்க்கவில்லை, பார்க்க முடியவுமில்லை. விரல் நுனியால் ஓரப்பட்டையின் மேடுகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே சுற்றி வந்தார். உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. “இருபத்து மூன்று, சரியாக இருக்கிறது” என்றார். சற்றுப் பொறுத்து, “இந்தப் பட்டை என் நூல்” என்று சொல்லிக் குழந்தையின் தலையில் தாமே அணிவித்தார்.

ஓராண்டு நிறையும்போது குழந்தையின் தலை ஏறத்தாழ 45 செ.மீ. ஆகிவிடும், வேறு குல்லாய் வேண்டும். எஞ்சிய நூலை அதன் சீட்டோடு ஒரு உறையிலிட்டு, ஊசியின் அளவையும் கண்ணிக் கணக்கையும் மேலே எழுதி வைத்திருக்கிறோம். நம் சங்கங்களிலும் ஒவ்வொரு சாயத் தொட்டிக்கும் ஒரு சாண் நூலைக் குறிப்பேட்டில் ஒட்டி, எண்ணையும் தேதியையும் எழுதி வைப்பார்களாயின் இணை தவறித் திரும்பும் சரக்கு பெரிதும் குறையும். செலவு ஒரு சாண் நூல். காக்கப்படுவது நெசவாளியின் கூலி.