இரண்டு அலைகள், ஒரே வழி



வானொலி நிலையத்தின் ஒலியை நெடுந்தூரம் அனுப்பப் பெரும் சக்தி வேண்டும். இன்றைய நிலையங்கள் பலவற்றில் அந்தச் சக்தியை ஒரே கருவி தருவதில்லை. சிறிய பெருக்கிகள் பல தனித்தனியே உழைக்கின்றன. அவற்றின் சக்தி ஒன்றுசேர்ந்து ஏரியலுக்குச் செல்கிறது. அதை எப்படிச் சேர்க்கிறார்கள் என்று இன்று பார்ப்போம்.

கம்பிகளை முறுக்கிக் கட்டிவிட்டால் போதாதா? போதாது. ஒன்றின் சக்தி மற்றதற்குள் புகுந்து அதன் வேலையைக் கெடுக்கும்.

சேற்றில் சிக்கிய லாரியை இருவர் தள்ளுவதாக வைத்துக்கொள்வோம். ஒரே மூச்சில் தள்ளினால் லாரி நகரும். ஆளுக்கொரு நேரத்தில் தள்ளினால் வியர்வைதான் மிச்சம். அலைகளும் அப்படித்தான். இரண்டும் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கினால்தான் பலம் கூடும்.

1960-ஆம் ஆண்டில் எர்னஸ்ட் வில்கின்சன் என்ற பொறியாளர் இதற்கு உதவும் ஓர் அமைப்பை வெளியிட்டார். அதை மின்சுற்றுப் பலகையில் எளிதாக அமைக்கலாம். இரண்டு செப்புக் கோடுகள் ஒரு முனையில் கூடுகின்றன. சேர்ந்த சக்தி அங்கே வெளியேறும். மறுமுனைகள் இரண்டும் இரு பெருக்கிகளுக்கான வாசல்கள். வாசல்களுக்கு நடுவே ஒரு மின்தடை. 50 ஓம் கருவிகளுக்கு இந்தத் தடை 100 ஓம்.

ஒவ்வொரு கோட்டின் நீளமும் அலைநீளத்தில் கால் பங்கு. 1000 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் வெட்டவெளியில் 30 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு ஏழரை. கண்ணாடியிழைப் பலகையில் அலையின் வேகம் குறைவதால் ஏறக்குறைய 4 சென்டிமீட்டரே போதும்.

ஏன் கால் பங்கு? ஒரு வாசலில் நுழையும் அலை, மற்ற வாசலை இரண்டு வழிகளில் எட்டும். கோடுகள் வழியே சுற்றி வரும்போது அரை அலைநீளம் கடந்து தலைகீழாகிறது. தடை வழியே போவது நேராகவே போகிறது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பக்கத்து வாசலுக்குத் தொல்லை இல்லை.

இரு பெருக்கிகளும் ஒத்து உழைத்தால் தடையில் மின்சாரமே ஓடாது. சக்தி ஏறக்குறைய முழுவதும் வெளியேறும். ஒன்று பழுதானால், மற்றதன் சக்தியில் பாதி தடையில் வெப்பமாகிவிடும். பழைய மொத்தத்தில் கால் பங்குதான் மிஞ்சும். ஆனாலும் ஒலிபரப்பு நிற்காது. புயலிலும் வெள்ளத்திலும் அறிவிப்புக்காகக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு அந்தக் கால் பங்கும் பெரிது.

இதே அமைப்பைத் திருப்பிப் போட்டால் ஒன்றை இரண்டாகப் பிரிக்கலாம். ஆகவே, வீட்டில் ஓர் ஏரியலை இரண்டு தொலைக்காட்சிகளுக்கு இணைக்கும்போது கம்பிகளை முறுக்கிக் கட்டாமல், கடையில் கிடைக்கும் ஸ்பிளிட்டரைப் பொருத்துவோம். ஒவ்வொன்றுக்கும் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். ஆனால் ஒன்று மற்றதைக் கெடுக்காது.