ரகசியம் சர்வரில் இருக்கவே வேண்டாம்

1962. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்குக் கணினி நேரம் போதவில்லை. பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தும் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பில் அவருக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான். அங்கே ஒரு வசதி இருந்தது. கோப்பின் பெயரைத் துளை அட்டையில் குறித்துக் கொடுத்தால் அச்சிட்டு வைத்துவிடுவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஷெர் குறித்துக் கொடுத்தது கடவுச்சொற்கள் இருந்த கோப்பை. மறுநாள் காலை எல்லாருடைய கடவுச்சொல்லும் அவர் கையில் இருந்தது.

1966இல் அதே அமைப்பில் இன்னொரு கூத்து. ஒருவர் அன்றைய வரவேற்புச் செய்தியைத் திருத்திக்கொண்டிருந்தார், இன்னொருவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். திருத்தும் மென்பொருள் இருவருக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை உருவாக்க, இரண்டும் இடம் மாறிவிட்டன. அதன் பிறகு உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் வரவேற்புச் செய்திக்குப் பதிலாக மொத்தக் கடவுச்சொல் பட்டியலும் வந்து விழுந்தது.

இரண்டு முறையும் யாரும் யாருடைய கடவுச்சொல்லையும் ஊகிக்கவில்லை. எல்லாம் ஒரே இடத்தில், படிக்கக்கூடிய எழுத்தில் கிடந்தன, அவ்வளவுதான். "வலுவான கடவுச்சொல் வையுங்கள்" என்று இன்று வரை பயனரையே குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம். பெரிய திருட்டுகளில் பறிபோவது பெரும்பாலும் நிறுவனத்தின் சர்வரில் சேர்ந்து கிடக்கும் குவியல்.

அந்தக் குவியலைத் திருடனுக்குப் பயன்படாமல் செய்யும் வழியைப் பெல் ஆய்வகத்தின் ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979இல் ஒரு கட்டுரையில் விரிவாக எழுதினார்கள். கடவுச்சொல்லை அப்படியே வைக்காமல், ஒருவழிக் கணக்கில் போட்டு வரும் ஹேஷை மட்டும் சேமிப்பது அந்த வழி. அரைத்த மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. அதே அரிசியை மறுபடி அரைத்தால் அதே மாவு வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு பேர் ஒரே சொல்லை வைத்திருந்தால் ஹேஷும் ஒன்றாகிவிடுமே? அதற்காக ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு தற்செயல் எண்ணைச் சேர்த்தார்கள். அதற்கு 'சால்ட்' என்று பெயர். அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 86 சதவீதம் மிகக் குட்டையானவை, அல்லது அகராதியில் தேடினால் அகப்படுபவை.

இத்தனை தெளிவாகச் சொல்லி வைத்த பிறகும் என்ன நடந்தது? 2009இல் ராக்யூ தளத்திலிருந்து 3.2 கோடி கடவுச்சொற்கள் வெளியாயின. எல்லாம் அப்படியே எழுத்தில். அவற்றில் முதலிடம் 123456. 2012இல் லிங்க்ட்இன்னிலிருந்து வெளியே வந்த 65 லட்சம் ஹேஷ்களில் சால்ட் இல்லை. முப்பது ஆண்டுக்கு முன்பே எழுதி வைத்த பாடம் அது. இதைப் படிக்கும் இளம் நிரலாளர்களுக்கு என் வேண்டுகோள்: சொந்தமாக ஹேஷ் முறை கண்டுபிடிக்க வேண்டாம். 2015இல் திறந்த போட்டியில் வென்ற ஆர்கான்2 இருக்கிறது. வேண்டுமென்றே நிறைய நினைவகத்தைத் தின்னும்படி வடிவமைத்திருப்பதால், கிராபிக்ஸ் கார்டுகளை அடுக்கி வைத்துக் கோடிக்கணக்கில் ஊகிப்பவனுக்குச் செலவு ஏறிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி நச்சரிப்பதையும் விட்டுவிடலாம். கசிந்ததற்கு அறிகுறி இல்லாமல் மாற்றச் சொல்லாதீர்கள் என்று அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2017லேயே சொல்லிவிட்டது.

சரி, ஓடிபி இருக்கிறதே என்பீர்கள். கேஸ் டெலிவரி முதல் வங்கி வரை நம் வாழ்க்கையே அதில்தான் ஓடுகிறது. முப்பது விநாடிக்கு ஒருமுறை எண்ணை மாற்றிக் காட்டும் ஆதென்டிகேட்டர் செயலி குறுஞ்செய்தியைவிட மேல், சிம்மை மாற்றி எடுத்து ஏமாற்றுபவனிடம் அது சிக்காது. ஆனால் அதன் உள்ளே பாருங்கள். செயலியில் இருக்கும் அதே ரகசியம் சர்வரிலும் இருக்க வேண்டும். அந்த ரகசியத்தையும் நேரத்தையும் வைத்து இரு பக்கமும் ஒரே எண்ணைக் கணக்கிடுகின்றன. சர்வருக்கு அசல் ரகசியமே தேவை என்பதால் இதை ஹேஷாக வைக்க முடியாது. சுற்றிச் சுற்றி அதே குவியலுக்கே வந்து நிற்கிறோம்.

குவியல் கசியாவிட்டாலும், ஓடிபியைப் பயனரிடமே ஏமாற்றி வாங்கிவிடலாம். 2022 ஜூலையில் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் குறைந்தது 76 ஊழியர்களுக்கு ஒரு நிமிடத்துக்குள் குறுஞ்செய்தி வந்தது. அதில் இருந்த இணைப்பு, நிறுவனத்தின் லாகின் பக்கம் போலவே தோன்றும் ஒரு போலித் தளத்துக்குப் போனது. அந்த முகவரியைப் பதிவு செய்தே நாற்பது நிமிடம் ஆகியிருக்கவில்லை. மூன்று ஊழியர்கள் நம்பிக் கடவுச்சொல்லைத் தட்டினார்கள். தட்டியது உடனே டெலிகிராம் வழியாகத் திருடர்களுக்குப் போனது. அடுத்த படி ஓடிபி கேட்பது. சில விநாடிகளில் அதை உண்மையான தளத்தில் போட்டு நுழைந்துவிடலாம். ஆனால் அந்த நிறுவனத்தில் ஓடிபி இல்லை. எல்லாரிடமும் இருந்தவை ஃபைடோ தரத்திலான பாதுகாப்புச் சாவிகள். திருடர்களால் நுழைய முடியவில்லை. ஏறக்குறைய அதே சமயத்தில் இதே பாணியில் தாக்கப்பட்ட ட்விலியோ நிறுவனம் தப்பவில்லை.

ஏமாந்தவர்கள் ஏமாந்த பிறகும் பூட்டு தாங்கியது. இந்த நிகழ்ச்சியில் என்னை மிகவும் கவர்வது இதுதான். அந்தப் பூட்டுத்தான் இன்று பாஸ்கீ என்ற பெயரில் நம் போனுக்குள் வந்திருக்கிறது. 2019இல் வெப்ஆதன் என்ற தரம் அதிகாரப்பூர்வமானது. 2022இல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் கைகோத்தன.

கணக்குத் தொடங்கும்போது உங்கள் போன் இரண்டு எண்களை ஜோடியாக உருவாக்குகிறது. தனிச் சாவி உங்களிடமே தங்கிவிடும், பொதுச் சாவி மட்டும் தளத்துக்குப் போகும். நுழையும்போது சர்வர் ஒரு புதிய தற்செயல் எண்ணை அனுப்பும். நீங்கள் கைரேகை வைத்ததும், அந்த எண்ணோடு நீங்கள் நிற்கும் தளத்தின் முகவரியையும் சேர்த்துப் போன் கையொப்பமிட்டு அனுப்பும். பொதுச் சாவியை வைத்துச் சர்வர் அதைச் சரிபார்க்கும். கைரேகை போனைத் தாண்டுவதில்லை. முகவரியை எழுதுவது பிரவுசர், நீங்கள் அல்ல. ஆகவே ஓர் எழுத்து மாறிய போலித் தளத்தில் உங்கள் கண் ஏமாந்தாலும் உண்மையான தளத்துக்கான சாவி அங்கே இயங்காது. சர்வரைக் கொள்ளையடித்தால் கிடைப்பது பொதுச் சாவிகளின் பட்டியல். அதை வைத்து யாரும் உங்கள் பெயரில் நுழைய முடியாது.

நிரலாளர் இங்கே கோட்டைவிடும் இடங்கள் சில உண்டு. தற்செயல் எண்ணை ஒருமுறை பயன்படுத்தியதும் தூக்கிப் போட வேண்டும். கையொப்பத்தோடு வரும் முகவரி நம்முடையதுதானா என்று சர்வரிலும் பார்க்க வேண்டும். இதைக்கூட நன்கு சோதிக்கப்பட்ட நிரல் நூலகங்களிடம் விட்டுவிடுவது நல்லது.

இவற்றைவிடப் பெரிய தலைவலி போன் தொலைந்தால் என்ன செய்வது என்பது. பாஸ்கீயை வைத்துவிட்டு, "மறந்துவிட்டதா?" என்ற பொத்தானுக்குப் பின்னால் குறுஞ்செய்தி ஓடிபியை விட்டுவைத்தால், திருடன் அந்த வழியாகத்தான் வருவான். ஒரு கணக்குக்கு இரண்டு மூன்று பாஸ்கீ சேர்க்க இடம் கொடுங்கள். மீட்கும் முயற்சி நடந்தால் பழைய கருவிகளுக்கெல்லாம் தகவல் அனுப்புங்கள், பணம் நகரும் கணக்கென்றால் ஒருநாள் காத்திருக்க வையுங்கள்.

நம் வீடுகளுக்கென்று இன்னொன்றும் இருக்கிறது. ஒரே போனை அம்மா, மகன், மருமகள் என்று மூவர் எடுப்பது இங்கே சாதாரணம். மூவர் கைரேகையும் அந்தப் போனில் பதிவாகியிருந்தால், மூவரில் யார் விரல் வைத்தாலும் போன் திறக்கும், பாஸ்கீயும் கையொப்பமிடும். சர்வருக்கு யார் விரல் என்று தெரியாது. அம்மாவின் ஓய்வூதியக் கணக்குக்கோ மருத்துவக் குறிப்புக்கோ செயலி எழுதுபவர் இதை முதலிலேயே யோசித்து, அம்மாவுக்கு மட்டும் தெரிந்த ஒரு பின் எண்ணைச் செயலிக்குள் தனியாகக் கேட்க வேண்டும்.