உகந்தை மலையைச் சுற்றி

காடு என்றாலே எனக்குப் பயம். 1990இல் பிள்ளைகளோடு ஓடி ஒளிந்தது காட்டுக்குள்தான். போன ஆடியில் எங்கள் மாதர் சங்கத்தார் பாணமைக்கு அப்பாலுள்ள உகந்தைக்கு அழைத்துப் போனார்கள். முருகனைக் கும்பிட்டு, பாறைச் சுனைகளைப் பார்த்தபடி வள்ளியம்மன் மலை ஏறினோம். கிழக்கே கடல், தெற்கே குமணக் காடு. கதிர்காம யாத்திரிகர் அவ்வழியே நடந்துதான் கும்புக்கன் ஆற்றைக் கடப்பார்கள். அதன் முகத்துவாரம் அந்தப் பக்கந்தான் என்று ஓர் அக்கா கைகாட்டினா. இறங்கி, கடற்கரையோர மரநிழலில் சுற்றி மீண்டும் கோயிலடிக்கு வந்தோம்.

யானை உலவும் இடம். பகலில், கூட்டமாகவே போங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள்.

அன்று காட்டுக்குள் நான் ஓடவில்லை, நடந்தேன். சகோதரிகளே, ஒருநாளாவது உங்களுக்காக நடந்து பாருங்கள்.