எஸ் என்னும் ஓர் எழுத்து



ஆங்கிலத்தில் நிகழ்கால வினைச்சொல்லின் ஈற்றில், எழுவாய் படர்க்கை ஒருமையாக இருக்கும்போது மட்டும், 'எஸ்' என்னும் எழுத்து வந்து சேருகிறது. 'ஐ ரன், யூ ரன், வீ ரன், தே ரன்' என்று சொல்லி வந்த நாம், 'ஹீ', 'ஷீ', 'இட்' என்னும் மூன்றுக்கு மட்டும் 'ரன்ஸ்' என்கிறோம். இவ்விதியைக் கீழ் வகுப்பிலேயே எல்லோரும் மனப்பாடம் செய்துவிடுகின்றனர். ஆயினும், பட்ட வகுப்பை எட்டிய மாணவர் பலருடைய கட்டுரைகளிலும் இந்த எழுத்து வேண்டிய இடத்தில் காணாமற் போகிறது; வேண்டாத இடத்தில் வந்து நிற்கிறது. விதியை அறியாமையன்று இதற்குக் காரணம். அந்த எழுத்து அங்கே என்ன வேலை செய்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

எழுவாயும் பயனிலையும் இயைந்து நிற்க வேண்டும் என்பது தமிழ் மாணவனுக்குப் புதிய செய்தியன்று. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன என்று நம் வினைமுற்றே திணை, பால், எண், இடம் அனைத்தையும் காட்டிவிடுகிறது. இவை மயங்கினால் வழு என்று நன்னூலார் வகுத்துச் சொல்லியிருக்கிறார். ('மாடுகள் மேய்கிறது' என்று எழுதுகிறவர்கள் நம்மிடையே பெருகிவிட்டனர் என்பது வேறு கதை!) இவ்வளவு பழக்கமுடைய நாம் ஆங்கிலத்தில் இடறுவானேன்?

முதலாவதாக, பெயர்ச்சொல்லின் ஈற்றில் வரும் 'எஸ்' பன்மையைக் காட்டுகிறது. வினைச்சொல்லின் ஈற்றில் வரும் 'எஸ்' ஒருமையைக் காட்டுகிறது. இரண்டும் வெவ்வேறு குடியிற் பிறந்தவை. உருவம் ஒன்றானது தற்செயலே. 'பாய்ஸ்' என்று பன்மை எழுதிய கை, அதே வேகத்தில் 'ரன்ஸ்' என்றும் எழுதிவிடுகிறது. 'பாய் ரன்ஸ், பாய்ஸ் ரன்' என்று பல முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'எஸ்' ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்குவது செவிக்கே புலப்படும். ஆனால் இதையே விதியாகக் கொண்டுவிடாதீர்கள். 'மென் கம்' என்பதில் இரு பக்கமும் இல்லை, 'தி பஸ் கம்ஸ்' என்பதில் இரு பக்கமும் உண்டு.

மற்றொரு தடை நம் பண்பாட்டிலிருந்தே வருகிறது. 'ஆசிரியர் வருகிறார்' என்கிறோம். 'ஆர்' என்பது பலர்பால் விகுதி. மரியாதை கருதி ஒருவருக்கு வழங்குகிறோம். இந்தப் பழக்கம் மனத்தில் ஊறிய மாணவன், ஆசிரியரைக் குறிக்கும்போது 'ஹீ கம்ஸ்' என்று சொல்லச் சற்றே கூசுகிறான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆங்கிலத்தில் அரசரே ஆனாலும் 'தி கிங் ஸ்பீக்ஸ்' தான். ஆனால், முன்னிலையில் ஆங்கிலேயரும் நம் வழியே வந்தவர்கள். 'யூ' என்பது ஆதியில் பன்மைச் சொல். 'நீ' என்பதற்கு 'தௌ' என்ற சொல் தனியே இருந்தது. மரியாதைப் பன்மையான 'யூ' நாளடைவில் அந்த ஒருமையைப் பொது வழக்கிலிருந்து விரட்டிவிட்டது. ஒரே ஒருவரைப் பார்த்தும் 'யூ ஆர்' என்று பன்மை வினை கொடுப்பது அதனால்தான்.

இனி, ஓர் எழுத்து விடுபட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பீர்கள். 'ஹீ புட்ஸ் தி புக் ஆன் தி டேபிள்' என்றால், அவன் வழக்கமாகப் புத்தகத்தை மேசைமேல் வைக்கிறான் என்பது பொருள். 'எஸ்' போய்விட்டால், அவன் வைத்தான் என்று ஆகிவிடும், காலமே மாறுகிறது. 'கட்', 'ஷட்', 'ஹிட்' முதலிய வினைகளுக்கும் இதுவே கதி. படிப்பவர் அதைப் பிழையென்றே உணரமாட்டார். வேறு பொருளைப் பிழையின்றிப் புரிந்துகொள்வார்! செம்மறியாட்டைக் குறிக்கும் 'ஷீப்' என்னும் சொல்லுக்கு ஒருமையும் பன்மையும் ஒரே வடிவம். 'தி ஷீப் ஈட்ஸ்' என்றால் ஓர் ஆடு. 'தி ஷீப் ஈட்' என்றால் பல. எண்ணைச் சொல்லும் பொறுப்பு முழுவதும் வினையின் மேல் விழுகிறது.

இவற்றினும் சுவையானது வாழ்த்து. 'காட் பிளஸ் யூ' என்கிறார்களே, அங்கே எழுவாய் படர்க்கை ஒருமைதானே, 'எஸ்' எங்கே போயிற்று? 'காட் பிளஸஸ் யூ' என்றால் கடவுள் உனக்கு அருள்கிறார் என்ற செய்தி. 'எஸ்' நீங்கினால் அருள்க என்ற வேண்டுதல். இது நம் வியங்கோள் வினையே. வாழ்க என்பது அவன் வாழ்க, அவர் வாழ்க, அவை வாழ்க என்று எல்லாவற்றுக்கும் வேறுபாடின்றி வருவதைப் போல, அங்கும் விகுதி வேறுபாடு இல்லை.

பழைய ஆங்கிலத்தில் இடத்துக்கும் எண்ணுக்கும் ஏற்ப வினைக்குத் தனித்தனி விகுதிகள் இருந்தன. படர்க்கை ஒருமைக்கு உரியது 'எத்' என்பது. வட இங்கிலாந்தில் மட்டும் 'எஸ்' வழங்கிற்று; அது மெல்லத் தெற்கே பரவியது. 1611-இல் வெளிவந்த விவிலிய மொழிபெயர்ப்பு 'எத்' விகுதியையே ஆள்கிறது. 1616-இல் மறைந்த ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் இரண்டும் கலந்து வருகின்றன. மற்ற விகுதிகள் உதிர்ந்தபின் எஞ்சியது இந்த ஒன்றே. 'கேன்', 'மே', 'மஸ்ட்' ஆகியவை 'எஸ்' பெறாததற்கும் வரலாறே காரணம்: அவை இறந்தகால வடிவங்களாகப் பிறந்து நிகழ்காலத்துக்கு வந்தவை. இறந்தகாலத்தில் 'எஸ்' ஏது?

வினாவிலும் எதிர்மறையிலும் 'டூ' என்னும் துணைவினை வந்து 'எஸ்'-ஸைத் தான் வாங்கிக்கொள்கிறது. 'டஸ் ஹீ ரன்?' என்று கேட்க வேண்டும். 'டஸ் ஹீ ரன்ஸ்?' என்பது ஒரே பயணத்துக்கு இரண்டு சீட்டு வாங்குவது போன்றது.

நீண்ட வாக்கியத்தில் எழுவாய் எங்கோ தூரத்தில் நிற்கும். அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். 'எ பாஸ்கெட் ஆஃப் மேங்கோஸ் காஸ்ட்ஸ்' என்பதில் விலை கூடைக்கு. அருகிலுள்ள மாம்பழங்களைக் கண்டு மயங்கலாகாது. 'எவ்ரிபடி' என்பதற்கு நாம் எல்லோரும் என்று பொருள் கொண்டாலும் அது ஒருமையே. 'எவ்ரிபடி நோஸ்' என்றுதான் வரும். 'ஹீ இஸ் ஒன் ஆஃப் தோஸ் ஹூ நோ தமிழ்' என்பதிலோ, 'ஹூ' என்பது 'தோஸ்' என்ற பன்மையைச் சுட்டுவதால் 'எஸ்' இல்லை. இங்கே 'நோஸ்' என்று எழுதும் ஆங்கிலேயரும் உண்டு. நீங்கள் தேர்வுத்தாளில் 'நோ' என்றே எழுதுங்கள்.