பல்வலியைத் தள்ளிப் போடலாமா?

ஒரு மூட்டைப் பருப்பில் வண்டு விழுந்தால் அன்றே அதைத் தனியே எடுத்து வைக்கிறோம். ஆனால் நம் பல்லில் சொத்தை விழுந்தால், "தீபாவளி வியாபாரம் முடியட்டும்" என்று தள்ளிப் போடுகிறோம். கல்லாவை விட்டு நகர முடியாத தொழில் நம்முடையது. எனவே எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

நாம் உண்ணும் இனிப்பை வாயிலுள்ள கிருமிகள் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம்தான் பல்லை அரிக்கிறது. எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை முறை என்பதே முக்கியம். மணிக்கு ஒரு டீயும், இடையிடையே டப்பாவிலிருந்து எடுத்து வாயில் போடும் கடலை மிட்டாயும் பல்லுக்கு ஓய்வே தருவதில்லை.

பல்லின் மேல்பூச்சுக்கு உணர்ச்சி கிடையாது. எனவே சொத்தையின் தொடக்கத்தில் வலிக்காது. அடுத்த அடுக்கை எட்டியதும் குளிர்ந்த நீரும் இனிப்பும் கூசும். இந்த நிலையில் சென்றால் பெரும்பாலும் அடைப்பதோடு முடிந்துவிடும். நரம்பை எட்டிவிட்டால் இரவில் தூங்கவிடாமல் விண்விண்ணென்று தெறிக்கும். அப்போது வேர் சிகிச்சை செய்ய வேண்டும், இல்லையேல் பல்லைப் பிடுங்க வேண்டும். செலவும் பல மடங்கு.

சில நாளில் வலி தானாக நின்றுவிட்டால் குணமாகிவிட்டது என்று மகிழ வேண்டாம். நரம்பு செத்திருக்கலாம், அடியில் சீழ் கட்டிக்கொண்டிருக்கலாம். கிராம்புத் தைலம் வலியைச் சற்று மரக்கச் செய்யும், சொத்தையை ஆற்றாது. வலி மாத்திரையை ஈறில் வைத்து அடக்கினால் சதை வெந்துவிடும்.

பல் துலக்கும்போது இரத்தம் வருவது ஈறு நோயின் அறிகுறி. சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு இது விரைவாக முற்றும். ஈறு கெட்டால் சர்க்கரையும் கட்டுப்படாது. காரை எடுத்தால் பல் ஆடிப்போகும் என்பது தவறான பயம். காரைதான் ஈறைக் கெடுத்துப் பல்லை ஆட வைக்கிறது.

வெற்றிலை பாக்கு, புகையிலை போடும் அன்பர்கள் கவனிக்க வேண்டும். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் அறிக்கை வெளியிட்டுள்ளது.

கீழ்க்கண்டவற்றுக்கு உடனே பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்:

1. இரண்டு வாரமாகியும் ஆறாத வாய்ப்புண். வலி இல்லாவிட்டாலும் பார்க்க வேண்டும்.
2. வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு. காரம் தாங்காத எரிச்சல். வாய் முன்போல் அகலத் திறக்காமை.
3. இரவில் எழுப்பும் வலி, ஈறில் சீழ்க் கொப்புளம், ஆடும் பல்.
4. முகம் அல்லது கழுத்து வீக்கத்துடன் காய்ச்சல், விழுங்கச் சிரமம். இதற்கு ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. இரவானாலும் பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. காலையும் இரவு படுக்குமுன்னும் ஃபுளோரைடு பற்பசையால் துலக்குவோம். கடைக்கு விடுமுறை விடும் ஒரு நாளில், வலி இல்லாவிட்டாலும், ஆண்டுக்கு ஒருமுறையாவது பல்லைக் காட்டி வருவோம். கடைப் பையன்களையும் உடன் அழைத்துச் செல்வோம்.