அலுத்துப்போனது வேலையா, கம்பெனியா?

விடியற்காலை ஐந்து மணிக்கு ஆரம்பாக்கம் நெடுஞ்சாலை ஓரம் நின்று பாருங்கள். ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து வந்த பிள்ளைகள் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டிபன் பையுமாகக் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். ஏறி உட்கார்ந்ததும் ஜன்னலில் தலை சாய்ந்துவிடும். தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. வடக்கே ஆந்திர எல்லை தாண்டினால் ஸ்ரீசிட்டி தொழில்நகரம். பழவேற்காடு ஏரியின் முகத்துவாரம் தூர்ந்து மீன்வரத்து குறையக் குறைய, அப்பா வலை கட்டிய வீட்டில் பிள்ளைகள் ஷிப்டுக்குப் போகத் தொடங்கினார்கள்.

இரண்டு வருஷம் போனதும் அவர்களில் பலர் சொல்வது: "வெறுத்துப்போச்சு, நின்னுடலாம்னு இருக்கேன்." வீட்டில் வரும் பதில்: "எந்த வேலைதான் சுகம்?" அந்தப் பதிலில் எனக்கு ஒப்புதல் இல்லை. அந்த வெறுப்புக்குக் காரணம் உண்டு. காரணத்தைக் கண்டுபிடித்தால்தான் கம்பெனி மாறுவதால் பலன் உண்டா என்பது தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் இப்படி வேலை வெறுத்துப்போகும் நிலையும் இருக்கிறது. நோய் என்று அல்ல. தணியாமல் நீண்டுபோன வேலை நெருக்கடியால் வரும் நிலை என்று. மூன்று அடையாளங்கள் சொல்கிறார்கள்: சக்தியெல்லாம் வடிந்த களைப்பு, வேலைமேல் ஒட்டுதல் விட்டுப்போவது, செய்வதெல்லாம் வீண் என்ற நினைப்பு. ஞாயிறு முழுக்கத் தூங்கி எழுந்தால் போய்விடுவது சாதாரண அசதி. தூங்கி எழுந்தும் போகாமல், மறுநாள் ஷிப்டை நினைத்தாலே வயிறு பிசைந்தால் அது வேறு.

ஆனால் முதலில் இரத்தத்தைப் பரிசோதியுங்கள். இரத்தசோகையும் தைராய்டு குறைவும் இதே களைப்பைத் தரும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவருக்கு இ.எஸ்.ஐ. காப்பீடு உண்டு. உரிய நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்து, இ.எஸ்.ஐ. மருத்துவர் ஓய்வு தேவையென்று சான்று கொடுத்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். இது தெரியாமல் உடம்பு முடியவில்லை என்று ஒரே நாளில் வேலையை விட்டவர்களை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

உடம்பில் குறையில்லை என்றால், அலுக்க வைப்பது எது? இந்த வேலை வெறுப்பைப் பற்றிய ஆய்வில் முன்னோடியான கிறிஸ்டினா மாஸ்லாக் ஆறு இடங்களில் தேடச் சொல்கிறார்: வேலைப் பளு, நம் கையில் உள்ள அதிகாரம், பலன், கூட்டாளிகள், நியாயம், மனசுக்கு ஒப்புவது. ஏரிக்காரர்களுக்கு இது புதிதல்ல. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம் ஊர்களில் 'பாடு' என்றொரு முறை உண்டு. இறால் வரும் நல்ல இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று ஊரே முறை வைத்துக்கொள்ளும். எல்லாச் சாதியாருக்கும் அதில் இடமில்லை என்ற குறை பழையது, நியாயமானதும்கூட. ஆனாலும் முறைக்குள் இருப்பவருக்கு ஒரு தெளிவு உண்டு. தண்ணீரில் இறங்கி வலை கட்டுவது கம்பெனி லைனில் நிற்பதைவிட லேசானதல்ல. ஆனால் தன் முறை எப்போது, ஓய்வு எப்போது என்று அவருக்குத் தெரியும், அதை முடிவு செய்யும் கூட்டத்தில் அவரும் உட்கார்ந்திருப்பார். லைனிலோ கழிப்பறைக்குப் போகவும் மாற்று ஆள் வர வேண்டும். நாளைக்கு எந்த ஷிப்ட் என்பது இன்று மாலை போனில் வரும். ஆளை அரிப்பது பளு மட்டுமல்ல.

ஆகவே இப்படிப் பாருங்கள். தொல்லை ஒரு சூப்பர்வைசரோ ஒரு லைனோ என்றால், முதலில் லைன் மாற்றம் கேளுங்கள். வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கிவிட்டு ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் தராவிட்டால் குறை கம்பெனியிடம். மாறுவதில் அர்த்தம் உண்டு. ராத்திரி விழிப்பும் எட்டு மணி நேர நிற்பும்தான் தாங்கவில்லையென்றால், அடுத்த கம்பெனியிலும் அதேதான் இருக்கும். அங்கே மாற வேண்டியது வேலையின் வகை. சம்பளச் சீட்டில் யார் பெயர் என்றும் பாருங்கள். கான்ட்ராக்டர் பெயர் இருந்தால் உங்கள் முதலாளி அவர்தான்; அவரே உங்களை அடுத்த கேட்டுக்குள் அனுப்பினால் நீங்கள் எதையும் மாற்றவில்லை.

புது இடத்தைப் பற்றி ஆள் எடுப்பவரிடம் கேட்பதைவிட, அந்தக் கம்பெனி பஸ்ஸில் போகிற பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேளுங்கள்: போன மாதம் எத்தனை ஞாயிறு வேலைக்குப் போனாய்? சம்பளம் எந்தத் தேதியில் ஏறுகிறது? உன்னோடு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்?

முடிவெடுக்கும் தெம்புகூட இல்லாத அளவு மனசு உடைந்திருந்தால், 14416க்குப் போன் செய்யுங்கள்; அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம்.

நிற்பதென்று முடிவானால் ராஜினாமாவை எழுத்தில் கொடுத்து, ரிலீவிங் லெட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். பி.எஃப். பணத்தை எடுத்துவிடாதீர்கள். மாதா மாதம் பென்ஷன் வர 10 ஆண்டு சேவை வேண்டும். அதற்குள் பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்தால் சேவைக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். குறைந்தபட்சக் கூலி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், உங்கள் பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண் மாறாது. கும்மிடிப்பூண்டியில் விட்டு ஸ்ரீசிட்டியில் சேர்ந்தாலும் அதே எண்தான். சேரும் அன்று, புதிதாக ஒன்று போட்டுத் தருகிறோம் என்பார்கள். பழைய எண்ணை எழுதிக் கொடுங்கள்.